மாடியில் நாலு மெஷின்

சிறுநீரகம் கெட்டுப்போகும்போது வலிக்காது. அதில் மோசமான விஷயமே அதுதான். ஒரு பல் சொத்தையானால்கூட ஊரைக் கூட்டிவிடும். இது சத்தம் போடாமல் சுருங்கிக்கொண்டே போகும். எனக்கு முதலில் சொன்னது என் செருப்புதான்.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். ஷிப்டு முடிந்து வேன் ஏறப் போகும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. நாள் முழுக்க நிற்கிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு காலையில் பல் துலக்கும்போது குமட்ட ஆரம்பித்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டு கிளினிக்கில் கேஸ் தொந்தரவு என்று மாத்திரை கொடுத்தார்கள். நம்பிச் சாப்பிட்டேன்.

பக்கத்து வீட்டில் என் ஓரகத்தி மல்லிகா இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. ஒருநாள் காலை கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா மூஞ்சி பன்னு கணக்கா கீது? கண்ணே தெரியல. நீ இன்னிக்கு வேலைக்குப் போவக்கூடாது, ஆமா."

அவளே என்னை ஆட்டோவில் ஏற்றி ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். முடிவைக் கையில் கொடுத்த பெண் என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர இன்னிக்கே பாத்துடுங்க" என்றாள். அந்த 'இன்னிக்கே'யைக் கேட்டதும் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே ஆட்டோவுக்கு நடந்தாள்.

டாக்டர் அந்தத் தாளில் ஒரு வார்த்தைமேல் விரலை வைத்துக் காட்டினார். கிரியாட்டினின். உடம்பு உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் கழிவு அது. நல்ல சிறுநீரகம் அதை அன்றன்றைக்கே வெளியே தள்ளிவிடும். தள்ள ஆள் இல்லாவிட்டால் தெருவில் குப்பை தேங்குவது மாதிரி ரத்தத்தில் தேங்கும். எனக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார். ரத்தக் கொதிப்பு பல வருஷமாக இருந்திருக்க வேண்டும் என்றார்.

"கடைசியா எப்பம்மா பிரஷர் பாத்தீங்க?"

"பிரசவத்தப்போ."

அந்தப் பிரசவத்தில் பிறந்த என் மகள் இப்போது வெளியூர்க் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். டயாலிசிஸ் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. உடம்பிலிருந்து ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, ஒரு வடிகட்டி வழியாக ஓடவிட்டு, கழுவி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே அனுப்புவது. வடிகட்டிக்குள் மெல்லிய சவ்வு. சவ்வுக்கு இந்தப் பக்கம் நம் ரத்தம், அந்தப் பக்கம் தண்ணீர். சும்மா தண்ணீர் இல்லை. உப்பு, கிருமி எல்லாம் நீக்கிய சுத்தமான தண்ணீர். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கே பேரல் கணக்கில் ஓடும். அந்தத் தண்ணீர் சரியில்லை என்றால் அதில் இருக்கும் அழுக்கு நேராக ரத்தத்துக்குப் போகும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கதை முழுக்க இந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது.

முதலில் கழுத்தில் குழாய் போட்டுச் செய்தார்கள். அந்தக் குழாயோடு ரயிலில் உட்கார்ந்திருந்தால் எதிர் சீட்டுக் குழந்தைகள் அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொள்ளும். பிறகு இடது கையில் பிஸ்டுலா போட்டார்கள். ரத்தம் வருகிற குழாயையும் போகிற குழாயையும் கைக்குள்ளேயே சேர்த்துத் தைத்துவிடும் சின்ன ஆபரேஷன். நரம்பு கயிறு மாதிரி தடிக்கும், ஊசி குத்த வாகாக இருக்கும். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே தேனீ இரைவது போல அதிரும். அதிர்வு நின்றால் பிஸ்டுலா போய்விட்டது என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் கையைத் தொட்டுப் பார்ப்பார். "ஓடுது" என்பார். வயலுக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்து சொல்கிற அதே குரலில்.

அவர் என் எதிரே தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வயலிலிருந்து வியர்த்து ஊற்ற வருவார், நேரே மல்லிகா வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். எனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருந்தார்கள். சிறுநீர் போகாத உடம்பில் குடிக்கிற தண்ணீரெல்லாம் உள்ளேயே தங்கும், கடைசியில் நுரையீரலில் ஏறும். மல்லிகா காய்கறியைப் பொடியாக நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, இரண்டு தடவையும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் எனக்குத் தாளிப்பாள். காயிலும் பழத்திலும் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது. அது நம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். அவள் பரிமாறும்போது மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி, "ருசி இருக்காதுக்கா, கண்ண மூடிக்கினு துன்னுடு" என்பாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் சென்னை. இருட்டோடு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. நாலு மணி நேர டயாலிசிஸுக்கு மீதி நாள் முழுவதும் ரயிலுக்கும் காத்திருக்கும் கூடத்துக்கும் போகும். அந்தக் கூடத்தில் ஸ்டீல் நாற்காலிகளை ஒன்றோடொன்று பிணைத்துப் போட்டிருப்பார்கள். யாராவது ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த ஆட்டம் என்ன செய்யும் என்று அதை வாங்கிப் போட்டவர் ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ஏகாம்பரம் அண்ணன் அந்த நாற்காலியில்தான் அறிமுகமானார். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் அவருக்கு. ஏரியில் மீன் பிடிக்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தோள் மட்டும் அப்படியே படகு வலிக்கிறவன் தோள், கீழே வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"கையக் காட்டும்மா" என்று கேட்டார். காட்டினேன். தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என்துதான் பெருசு" என்றார், மீன் அளக்கிற மாதிரி. அந்த ஆஸ்பத்திரியில் நான் முதல்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து நான் கவரைப்பேட்டையில் ஏறி அவருக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பேன். அவர் பொன்னேரியில் ஏறுவார். கூட அவர் மனைவி அஞ்சலை வருவாள், அல்லது தனியாக வருவார். என் வீட்டுக்காரருக்கு நடவு, களை என்று வேலை இருக்கும் நாட்களில், "அண்ணன் கீறாரு இல்ல" என்று தைரியமாக என்னை அனுப்பினார்.

ஏகாம்பரம் அண்ணனுக்குத் தாகம்தான் பெரிய எதிரி. "பொறந்ததுலேந்து தண்ணிலதான் கீறேன். இப்போ ஒரு டம்ளர் தண்ணிக்குப் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கினு கீறேன்" என்பார். அஞ்சலை, "குடுத்தா நீ படுக்க முடியாம ராத்திரி பூரா குந்திக்கினு மூச்சு வாங்குவே, நான்தான பாக்கணும்" என்பாள். இருவரும் கோபமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அந்த வருஷம்தான் நெடுஞ்சாலையோரம், புதுவாயலைத் தாண்டி, ஒரு அறக்கட்டளை கட்டிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. தர்ம ஆஸ்பத்திரி. தொழிற்சாலைகள் நன்கொடை கொடுத்துக் கட்டியது. எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். ஏகாம்பரம் அண்ணனுக்கு ஒரே பஸ். மூன்றாவது நாளே இரண்டு பேரும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தோம்.

நர்ஸ் அந்த அறையைத் திறந்து காட்டினார். முதல் மாடி. நாலு மெஷின், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். சாய்ந்து படுக்க நாலு நீல நாற்காலி. சுவரில் பெரிய டி.வி. ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் அதைக் கொடுத்த கம்பெனியின் பெயர், பித்தளைத் தகட்டில்.

ஏகாம்பரம் அண்ணன் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னாண்ணே தேடறீங்க?"

"கை கழுவ எடம் எங்கம்மா?"

அறையில் குழாய் இல்லை. கழிவறையும் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. டயாலிசிஸ் முடிந்து எழுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து கால் துவளும். அந்தக் காலோடு மாடிப்படி இறங்க வேண்டும். லிப்டு இருந்தது, ஆனால் அதில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, நிற்கிறவர்கள் மட்டும்தான் போகலாம். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரட்டும், முதலில் வரட்டும் என்று இருந்தது எங்களுக்கு. அன்று பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, ரயில் பாஸை இனி என்ன செய்வது என்று இரண்டு பேரும் தீவிரமாகப் பேசினோம்.

சில வாரம் கழித்து நர்ஸிடமிருந்து போன் வந்தது. "திறப்பு விழாம்மா. உங்களையும் ஏகாம்பரத்தையும் முதல் நோயாளியா போடுறோம். காலைல வந்துடுங்க." அது எங்களுக்குச் சென்னைக்குப் போக வேண்டிய நாள். இங்கேயே நடக்கப்போகிறது, சென்னைக்கு எதற்கு என்று போகவில்லை. மல்லிகா எனக்கு நல்ல புடவை எடுத்துக் கொடுத்தாள். ஏகாம்பரம் அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார். அஞ்சலை தலையில் பூ வைத்திருந்தாள்.

பந்தல், வாழைமரம், மைக். ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனிதர் வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிப்போய் நீல நாற்காலியில் படுக்க வைத்தார்கள். டெக்னீஷியன் மெஷினைப் போட்டதும் விளக்குகள் எரிந்தன. குழாயை எடுத்து என் கையில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். ஊசி குத்தவில்லை. விருந்தினர்கள் போன பிறகு குத்துவார் என்று நினைத்தேன். பெரிய மனிதர் என் தலைமாட்டில் நின்றார், கம்பெனிக்காரர்கள் சுற்றி நின்றார்கள், படம் எடுத்தார்கள். யாரோ "சிரிங்கம்மா" என்றார்கள். சிரித்தேன்.

பிறகு எங்கள் கையில் ஆளுக்கு ஒரு இளநீரும் ஒரு சீப்பிலிருந்து பிய்த்த வாழைப்பழமும் கொடுத்தார்கள். பொட்டாசியம் அதிகம் என்று எந்த டயாலிசிஸ் நோயாளியையும் முதல் நாளே எச்சரித்து அனுப்பும் இரண்டு பொருள்கள் அவை. ஏகாம்பரம் அண்ணன் இளநீரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ந்தா சுகுணா, கூப்ட்டு வெச்சி கொல்றானுங்கம்மா" என்று என் காதில் சொன்னார். அப்போதும் ஒரு படம் எடுத்தார்கள், அதில் நாங்கள் சிரிப்பது அதற்காக.

கூட்டம் கலைந்ததும் டெக்னீஷியன் வந்து என் கையிலிருந்த பிளாஸ்திரியை உரித்தார். "அவ்ளோதாம்மா. போலாம்."

"ரத்தம் சுத்தம் பண்ணலியே?"

"இன்னும் தண்ணி கனெக்‌ஷன் வரலியே. உங்ககிட்ட சொல்லலியா?"

நல்ல புடவையோடு ஓடினோம். பஸ் பிடித்து, ரயில் பிடித்து, சென்னை போய்ச் சேரும்போது எங்கள் முறை போய்விட்டிருந்தது. அங்கிருந்த நர்ஸ், "இஷ்டத்துக்கு வருவீங்களா, இது உங்க வீடா?" என்று திட்டினார். பூவும் பொட்டுமாக நின்று திட்டு வாங்கிக்கொண்டோம். கடைசி ஆட்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். திரும்பும்போது ரயிலில் அஞ்சலை தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் அந்த ஆஸ்பத்திரிக்கு விடாமல் போனேன். நிர்வாக அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். உட்கார வைத்துத்தான் பேசுவார். ஒருநாள் நான் விடாமல் கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கும்மா. பிளான் போடும்போது அந்த ரூம் மீட்டிங் ஹால். அதனால அங்க தண்ணி லைனும் இல்ல, கழிவுத் தண்ணி போற வழியும் இல்ல. இந்த ஏரியா போர் தண்ணி பூரா உப்பு. அதைச் சுத்தம் பண்ண ஆர்.ஓ. பிளான்ட் வேணும், மாடில பெரிய டேங்க் வேணும். அந்த எடையை மொட்டைமாடி தாங்குமான்னு இன்ஜினியர் யோசிக்கிறார்."

"மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் யோசிக்கலியா சார்?"

"மெஷின் நாங்க வாங்கல. குடுத்தாங்க. மெஷின் குடுக்க ஆள் வருதும்மா. அதுல பேர் போடலாம், போட்டோ எடுக்கலாம். சாக்கடைக்கும் தண்ணி டேங்குக்கும் கேட்டா யாரும் வர்றதில்ல. அது மேல யார் பேரைப் போடுறது?"

அவர் அதை வருத்தமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர், "கெணறு வெட்டாம மோட்டார் வாங்குவானா எவனாவது?" என்று மட்டும் கேட்டார்.

கீழ்த்தளத்தில், அவசரச் சிகிச்சை அறைக்கு எதிரே, திறப்பு விழாப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். நானும் ஏகாம்பரம் அண்ணனும் நாற்காலியில் படுத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். கையில் குழாய். கீழே, ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் வந்து விசாரித்துத் திரும்பிப் போனார்களோ தெரியாது.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக்கு மழை புதிதில்லை. ஆனால் அந்தத் தடவை விடவே இல்லை. வயல் எது, ஏரி எது என்று தெரியவில்லை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றது. எங்களுக்கு ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது.

தவறினால் என்ன ஆகும் என்று உடம்பே சொல்லித்தரும். முதல் நாள் கனமாக இருக்கும். அடுத்த நாள் படுத்தால் மூச்சு முட்டும், தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தே கிடக்க வேண்டும். நாக்கில் இரும்பு ருசி. ஏகாம்பரம் அண்ணனுக்குப் போன் செய்தேன். "நீ போய்டு சுகுணா, எனக்காவ நிக்காத. இங்க ரோடு முழுவிக்கிச்சி. தண்ணி வடிஞ்சா நான் வரேன்" என்றார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினார்.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் என்னை டிராக்டரில் உட்காரவைத்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனார்கள். மல்லிகா தன் பீரோவில் இருந்த பணத்தை எண்ணாமல் அப்படியே எடுத்து என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் திணித்தாள். ஒரு கன்டெய்னர் லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு மாதவரத்தில் இறக்கிவிட்டார். அங்கே ஒரு தனியார் சென்டரில் கையில் இருந்ததை முழுக்க வாங்கிக்கொண்டு என்னைப் படுக்க வைத்தார்கள். ரத்தம் குழாய்க்குள் சிவப்பாக ஏறியதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டார். நாங்கள் வந்த ரோடு மறுநாள் மூடப்பட்டது. வழியில் ஆற்றுப் பாலத்தருகே தண்ணீர் ரோட்டின் மேலேயே ஓடியதாம். ஒருநாள் முன்னால் கிளம்பினேன் என்பதைத் தவிர நான் பிழைத்ததற்கு வேறு காரணம் கிடையாது.

ஏகாம்பரம் அண்ணனுக்கு நடந்ததை அஞ்சலை எனக்குச் சொன்னாள். காரியம் முடிந்த பிறகு, அவர்கள் வீட்டில், ஈரம் இன்னும் காயாத தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

மூச்சு முட்டியதும் படகிலேயே வைத்து மேட்டு ரோடு வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கிருந்து ஆட்டோ. சென்னைக்குப் போக வழி இல்லாததால் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். இதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்ததும் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று கண்டுபிடித்துவிட்டார். ஊசிமேல் ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். அதெல்லாம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கத்தான், டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் கிளம்பிப் போய்ப் பாலத்தருகே நின்று, வழியில்லாமல் திரும்பி வந்தது.

அஞ்சலை டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"மேல மிஷின் கீதே நைனா. நாங்க பாத்துக்கீறோம். தோ, போட்டோல அவருதான் படுத்துக்கினு கீறாரு பாரு. ஒரு தபா போடு நைனா."

"மெஷின் இருக்கும்மா. தண்ணி இல்ல."

"ஊரே தண்ணில மெதக்குது. தண்ணி இல்லேன்றியே!"

டாக்டரால் அதை எப்படி விளக்கிச் சொல்ல முடியும்? விளக்கினாலும் அது விளக்கமா? அவர் தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏகாம்பரம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், கடைசிவரை எழுந்திருக்கவில்லை என்றாள். ஏகாம்பரம் அண்ணன் தண்ணீர் கேட்டார். அஞ்சலை டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையாட்டினார். கேட்ட அளவு கொடுத்தாள்.

"அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, குடுன்னு சொன்னாரே, அப்பவே" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. மாடியில் நாலு மெஷினும் உறை கழற்றி, தூசி தட்டி, வரிசையாக நின்றன. திறப்பு விழாவுக்காகக் கழற்றிய உறையை யாரும் திரும்பப் போடவில்லை.

நான் நிர்வாக அதிகாரியிடம் போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அவர் எழுந்து நின்றார். எழுந்து நின்றவரிடம் எப்படிக் கத்துவது? "அந்தப் படத்தக் கழட்டுங்க சார்" என்றேன். அன்றே கழற்றினார்கள். அதைச் செய்வதற்கு மட்டும் இன்ஜினியர் தேவைப்படவில்லை, கூட்டம் போட வேண்டியிருக்கவில்லை. கழற்றிய இடத்தில் சுவர் வேறு நிறமாக இருந்தது. நான் அந்த அலுவலகத்தைவிட்டு வெளியே வந்து, என் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

தண்ணீர் பிளான்ட் மாசி மாதம் வந்தது. எப்படி வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு நன்கொடையாளர் கிடைத்தாராம். ஆர்.ஓ. அறையின் வாசலில் அவருடைய அப்பா பெயரில் கருங்கல் பலகை வைக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். பலகை அறைக் கதவைவிடப் பெரியது. மொட்டைமாடி தாங்காது என்பதால் டேங்கைப் பின்பக்கத்தில் தரையில் மேடை கட்டி வைத்தார்கள். மேடை கட்டச் சில நாள்தான் ஆனது. அதைத்தான் இன்ஜினியர் மழைக்காலம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு அங்கேதான் டயாலிசிஸ். நாலு மெஷினும் ஓடுகின்றன. ஏ.சி. காற்று நேராக மேலே விழுவதால் போர்வை கொண்டுபோகிறேன். அறைக்குள் கை கழுவும் தொட்டி வைத்துவிட்டார்கள். கழிவறை இன்னும் கீழேதான். முடிந்ததும் நர்ஸ் என் தோளைப் பிடித்து மெதுவாக இறக்கிவிடுகிறார். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஜன்னலோர நாற்காலியில் ஒரு பள்ளி ஆசிரியர், அடுத்ததில் ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயி. அவர்கள் புதிதாக வந்தவர்கள். நல்ல வசதி, பக்கத்திலேயே வந்துவிட்டது என்று மகிழ்ச்சியாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொள்வேன். அவர்களுடைய மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. அதில் கலந்துகொள்ளவும் முடியவில்லை.

போன வாரம் அஞ்சலை எங்கள் தெருவுக்கு மீன் விற்க வந்தாள். இப்போது அவள்தான் கூடை தூக்குகிறாள். முன்பு கரையில் ஏலம் எடுக்கிறவர்களிடம் போட்டுவிடுவார்கள். இப்போது வலை போட வீட்டில் ஆள் இல்லை, வாங்கி விற்கிறாள். மல்லிகா இறால் எடுத்தாள். அஞ்சலை கூடைப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையைப் பார்த்தாள். ஊசிபோட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இன்னிக்கா போனே?"

"ஆமா அண்ணி, காலைல."

"இங்கியா? அந்த ஆஸ்பத்திரிலியா?"

"ஆமா."

ஈயை விரட்டினாள். கூடையின் மேல் கோணியை நனைத்துப் போட்டாள்.

"நல்லா செய்றாங்களா?"

"நல்லா செய்றாங்க."

"எத்தினி மணிக்கு ஊட்டுக்கு வந்துடறே?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதியம் சோத்துக்கு வந்துடறேன், அண்ணி."

"மதியம் சோத்துக்கே வந்துடலாம்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. மல்லிகா காசை நீட்டினாள். அஞ்சலை அதை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வழக்கமாகத் தெரு முனை திரும்புவதற்குள் 'எறா, மடவே' என்று அவள் குரல் அடுத்த தெருவுக்குப் போய்விடும். வாசலிலேயே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று அவள் கூவாமலே போய்க்கொண்டிருந்தாள்.